துட்டி கேட்க யாரும் வராத வீடு

அப்பா இறந்த மறுநாள், 2021 மே 20, அம்மாவின் போனுக்கு 71 அழைப்புகள் வந்திருந்தன. தம்பி பிற்பாடு எண்ணிப் பார்த்துச் சொன்னான். அத்தனையையும் அம்மா எடுத்துப் பேசியிருக்கிறாள். "ஆமா மதினி", "நேத்துதான்", "சாப்பிட்டேன்", "பாத்துக்கிடுதேன்". எழுபத்தோரு தடவையும் ஏறக்குறைய இதே சொற்கள். ராத்திரி பத்து மணிக்கு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்ததும் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாளாம். அழவில்லை. அடுத்த நான்கு மாதமும் அவள் அழவில்லை.

நான் அப்போது சென்னையில், பெரம்பூரில், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தேன். எனக்கும் கணவருக்கும் மே 14 அன்று தொற்று உறுதியாகியிருந்தது. கோவில்பட்டியில் அம்மாவுக்கும் தொற்று. அவள் பின்கட்டு அறையில் தனியாக இருந்தாள். அப்பாவை 108 ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனதை அவள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

கொரோனா காலத்து மனநலம் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. மூச்சுப் பயிற்சி செய், செய்தி பார்ப்பதைக் குறை, ராத்திரி நேரத்தோடு தூங்கு. இவற்றில் சில எனக்கு உதவின, அதையும் சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அறுந்துபோனது வேறு ஒன்று. அதை எந்த மருத்துவரும் எழுதித் தந்ததில்லை, ஏனென்றால் அது எப்போதும் எங்கள் தெருவில் இருந்தது. ஒருநாள் இல்லாமல் போகும் என்று யாரும் நினைத்ததே இல்லை.

கோவில்பட்டி, எட்டயபுரம், சங்கரன்கோவில் பக்கம் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். மதுரைப் பக்கத்தில் கேதம் என்பார்கள். ஒரு வீட்டில் ஆள் போய்விட்டால் "துட்டி கேட்டுட்டு வந்தியா?" என்பது ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். துட்டிக்குப் போகாவிட்டால் மறக்கமாட்டார்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று நான் சின்ன வயதில் யோசித்ததில்லை. பந்தல் போட்டிருக்கும், நாற்காலி வரிசையாகக் கிடக்கும். வருகிற ஆம்பளைகள் வாசலில் இருப்பவர்களின் கையைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்வார்கள். பொம்பளைகள் தெருமுனையில் வரும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு வந்து, உள்ளே இருப்பவளின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அழுகை ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன செஞ்சுது அண்ணனுக்கு?" என்று கேட்பார்கள். அவள் முதலிலிருந்து சொல்வாள். முந்தாநாள் என்ன சாப்பிட்டார், எப்போது நெஞ்சைப் பிடித்தார், யார் ஆட்டோ கூப்பிட்டது, கடைசியாக என்ன சொன்னார். அடுத்த ஆள் வருவாள், மறுபடியும் முதலிலிருந்து. கருப்பட்டி போட்ட கடுங்காப்பி வரும். வந்தவர்கள் அரைமணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போவார்கள். போகும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. சும்மா எழுந்து நடந்துவிட வேண்டும்.

அப்பா வயர்மேன். கடைத்தெருவில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். எந்தத் தெருவில் துட்டி என்றாலும் பந்தலுக்கு டியூப் லைட் கட்டப் போய்விடுவார். கல்யாண வீட்டுக்குக் கட்டினால் கூலி வாங்குவார். துட்டி வீட்டுக்குக் கட்டினால் காசைக் கையால் தொடமாட்டார். லைட்டைக் கட்டிவிட்டு அங்கேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு வந்து குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்று ஆச்சி வாசலில் வாளியில் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். அப்படி எத்தனை நூறு வீடுகளில் அவர் போய் உட்கார்ந்திருப்பாரோ தெரியாது.

அவர் போனபோது எங்கள் வாசலில் ஒரு நாற்காலிகூட இல்லை.

2020-ஐக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோது நான் மளிகை லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் சுகாதாரச் செயலாளர் பீலா ராஜேஷ் தொலைக்காட்சியில் எண்களை வாசிப்பதற்காகக் காத்திருப்பது பழக்கமாகிவிட்டது. மாவட்டவாரியாக வாசிப்பார். தூத்துக்குடிக்கு எத்தனை, சென்னைக்கு எத்தனை என்று சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைப்பேன். கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று மாவட்டம் மாவட்டமாகப் பரவி, மே 5 அன்று சந்தையையே மூடியபோது என் காலண்டரில் எழுத இடமில்லாமல் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு அந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். எண்ணை எழுதி வைத்தால் நோய் நம் கைக்குள் இருக்கிற மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில் நான்தான் அதன் கைக்குள் இருந்தேன்.

அந்தப் பழக்கத்திலிருந்து என்னை மீட்டது அப்பா. ஆறு மணிக்கு எண்களைப் பார்ப்பதற்குப் பதிலாக எனக்குப் போன் போடு என்றார். ஏன் என்று விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நான் போட்டதும் அவருடைய முதல் கேள்வி, "கரண்டு இருக்கா?" வயர்மேனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும். பிறகு எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த கதையைச் சொல்வார், பேத்தியிடம் ஓம் விதியைப் பாட்டு மாதிரி சொல்லச் சொல்வார். பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு எனக்கு எண்கள் தேவைப்படவில்லை. காலண்டரை எடுத்துப் பரணில் போட்டேன்.

அந்த வருஷம் செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. இறந்தார். தொற்றோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து 51 நாள் கழித்து. அன்றைக்கு எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் நின்று அதுவரை பேசாதவர்கள்கூடப் பேசினார்கள். எதிர்வீட்டு மாமி முகக்கவசத்தை நனைத்துக்கொண்டு அழுதார். ஆறு மாதமாக யாரும் யாருக்காகவும் கூடி அழ முடியாமல் இருந்த ஊருக்கு அன்று ஒரு துட்டி கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். நானும் அன்றுதான் அந்த வருஷத்தில் முதன்முதலாக அழுதேன். அழுது முடித்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

2021 வந்தபோது, 2020-இல் கற்றுக்கொண்ட எதுவும் போதவில்லை. மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. அப்பாவின் மாலை அழைப்பு மே 12 அன்று நின்றது. இருமலில் பேச முடியவில்லை. ஆக்ஸிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் மனப்பாடம். 91 காட்டியபோது தம்பி 108-ஐக் கூப்பிட்டான். அந்த வாரம்தான் மாநிலத்தில் ஒருநாள் தொற்று 30 ஆயிரத்தைத் தாண்டியது. படுக்கை கிடைத்ததே பெரிது என்றார்கள். கிடைத்தது. ஐந்து நாள் இருந்தார். மே 19 காலையில் இறந்தார்.

உடலைப் பையில் கட்டித் தந்தார்கள். முகத்தை ஒருதரம் காட்டுங்கள் என்று தம்பி கேட்டிருக்கிறான். ரூல்ஸ் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் ரூல்ஸ் இருந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சிலேயே வெளியிட்ட வழிகாட்டுதலில், பணியாளர் பையின் முகப்பக்கத்து ஜிப்பைத் திறந்து காட்ட உறவினர்கள் கடைசியாகப் பார்க்கலாம் என்று இருக்கிறது. உடலைத் தொடாமல் செய்கிற சடங்குகளைச் செய்யலாம், மந்திரம் வாசிக்கலாம், புனிதநீர் தெளிக்கலாம், சாம்பலால் ஆபத்தில்லை என்றெல்லாம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் படித்தது ஒரு வருஷம் கழித்து. அன்றைக்கு அங்கே நின்ற பையனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கவச உடைக்குள் வேர்த்துப்போய், எத்தனையாவது உடலோ, அவனும் பயந்துபோய் நின்றிருப்பான். ஆனால் முகத்தைப் பார்க்கலாம் என்கிற அந்த ஒரு வரி ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இன்னும் பையையே நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

மயானத்தில் தம்பியும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும். நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேத்தி பெரம்பூரில் வீடியோ காலில் இருந்தாள். சிக்னல் நின்று நின்று வந்தது. நான் பார்த்தது புகையையும் தம்பியின் செருப்பையும்தான்.

அன்று ராத்திரி வாசல் லைட்டைப் போட்டுவிட்டு அம்மா அதை அணைக்கவேயில்லை. பதினாறு நாள் இரவும் பகலும் அது எரிந்தது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பழையதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்தில் கணவன் இறந்தவளை நடுவில் உட்கார வைத்து, பூவை வைத்து எடுத்து, வளையலை உடைத்து, தாலியை இறக்குகிற சடங்கு ஒன்று உண்டு. அதைச் சிறுமியாக இருந்தபோது ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கொரோனாவால் அம்மாவுக்கு அது நடக்கவில்லை. தனியறையில் இருந்த அவள் ஒருநாள் காலையில் தானே கழற்றிச் சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். வளையல் இன்றைக்கும் போட்டிருக்கிறாள். அந்தச் சடங்கு நடக்காமல் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நான் ஏங்குவது அந்த நாற்காலிகளுக்காக, அந்தக் கடுங்காப்பிக்காக, ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்காக.

போன் அதைச் செய்யவில்லை. செய்ய முடியாது என்பதை அம்மாவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். துட்டி வீட்டில் யாரும் பேச வேண்டியதில்லை. போனில் பேசாமல் இருந்தால் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்பார்கள். கேட்கிறது என்று சொல்லவாவது அவள் வாயைத் திறக்க வேண்டும். அழைத்தவர்களுக்கும் பாவம், என்ன பேசுவதென்று தெரியாது. தைரியமா இரு, மருந்து சாப்பிடு, ஆவி பிடி என்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர் "வச்சிரட்டுமா" என்று கேட்டாக வேண்டும். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிற அந்த நாகரிகம் போனில் கிடையாது. துக்கத்தில் இருப்பவள்தான் மற்றவர்களைத் தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது, ஒரே நாளில் 71 தடவை.

அதைவிடப் பெரிய இடர் இன்னொன்று. "என்ன செஞ்சுது?" என்று அவர்கள் கேட்டபோது அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கே தெரியாது. ஆம்புலன்ஸில் ஏறினார், பிறகு இல்லை. நடுவில் ஐந்து நாள் வெறும் இருட்டு. ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "மனுசன் செத்துட்டாருன்னு எல்லாரும் சொல்லுதீக. நான் எதை வச்சு நம்ப?"

பின்னாளில் இதற்கும் ஒரு பெயர் இருப்பதாகப் படித்தேன். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமல் போன படைவீரர்களின் குடும்பங்களோடு 1970-களில் வேலை செய்தவர். உடலைப் பார்க்காமல், முடிவு தெரியாமல் இழப்பவர்களின் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்று சொல்லி அதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். படித்தபோது எனக்கு அம்மாவின் அந்த ஒரு கேள்விதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் மாதம் என் முறை. ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குகிற மாதிரி இருந்தது. கை மரத்துப்போனது, மூச்சு மேலே நின்றது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 98. நம்பாமல் விரல் மாற்றி மாற்றி மாட்டினேன். பிறகு தூங்கிக்கொண்டிருந்த மகளின் விரலில் மாட்டினேன். அன்று முதல் தினமும் இருபது முப்பது தடவை அந்தக் கருவியைத் தேடிப் போனேன். குளித்துவிட்டு வந்து ஒருமுறை, படியேறினால் ஒருமுறை.

ஒரு மனநல மருத்துவரிடம் வீடியோ வழியாகப் பேசினேன். இப்படிப் பார்ப்பதற்கான தொலைமருத்துவ வழிகாட்டுதல் இந்தியாவில் வந்ததே 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில். அந்த அம்மா அவசரப்படாமல் கேட்டார். இது பீதித் தாக்கம், உடம்பு ஆபத்து என்று தவறாக மணியடிக்கிறது, சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கிவிடும், இதனால் உயிர் போகாது என்று சொன்னார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னார். ஆக்ஸிமீட்டரைக் கணவர் கையில் கொடுத்துவிடச் சொன்னார். பார்க்கப் பார்க்கப் பயம் குறையாது, பார்ப்பதே பயத்துக்குத் தீனி என்றார். கணவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். முதல் மூன்று நாள் பீரோ முன்னால் போய் நின்றேன். நாலாம் நாள் நிற்கவில்லை. மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார், எட்டு மாதம் சாப்பிட்டேன், பிறகு அவர் சொன்னபடி குறைத்து நிறுத்தினேன். இதை எழுத நான் கூச்சப்படவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற வீடுகள் இதற்கும் சாப்பிடலாம்.

இரண்டாம் முறை பேசும்போது அவர் கேட்டார்: "அப்பாவுக்காக எப்போது அழுதீர்கள்?" பதில் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவோ மனசு சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. தலை கிறுகிறுப்பு, கைகால் உளைச்சல், வாயெல்லாம் கசப்பு, வயிற்றுக்குள் என்னமோ உருளுது. இப்படித்தான் சொல்வாள். கொரோனாவுக்குப் பிறகான அசதி என்று தம்பி சத்து மாத்திரை வாங்கித் தந்தான். முதல் வருஷத்தில் உலகம் முழுக்கப் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னபோது அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பெண்களின் துக்கம் மனசு என்ற சொல்லில் வராது. மூட்டிலும் நாக்கிலும்தான் வரும். கேட்பவர்கள் அங்கேதான் காதை வைக்க வேண்டும்.

ஜூலை 5 முதல் மாநிலம் முழுக்கப் பேருந்துகள் ஓடின. நான் போய்ச் சேர்ந்தேன். அம்மா இளைத்திருந்தாள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகு பூட்டைத் திறந்துவிட்டு வந்து படுப்பாள். ஏன் திறக்கிறாய் என்று கேட்டால், "அவரு வந்தா தட்ட வேண்டாம்லா" என்றாள். எனக்கு உடம்பு நடுங்கியது. மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். வர மறுத்தாள். தூக்கத்துக்கு டாக்டர் என்று சொல்லித்தான் கூட்டிப்போக முடிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் கொஞ்சம் வந்தது. அழுகை வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், காலை பதினோரு மணி இருக்கும். கழுகுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும், கரிசல் காட்டு சம்சாரி. வாசலில் நின்று, "வயர்மேன் வீடு இதுதானா தாயி?" என்று கேட்டார். அப்பாவின் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர். உடம்பு தேறி, நடமாட்டம் வந்து, கடைத்தெருவில் விசாரித்து வந்திருக்கிறார். நான் அன்று அங்கே இல்லை. தம்பி மனைவி ஒன்றுவிடாமல் சொன்னாள், அம்மா பிறகு பலமுறை சொன்னாள். அதனால் நானே இருந்த மாதிரிதான் எனக்கு இருக்கிறது.

அவர் தம்பியின் கையைத் தொட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காப்பி குடித்தார். அம்மா நிலைப்படியில் வந்து உட்கார்ந்து, முதல்முறையாக அவளே கேட்டாள்: "என்ன செஞ்சுதுய்யா அவருக்கு?"

அவர் சொன்னார். முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசினாராம். தலைமாட்டு சுவிட்ச் போர்டில் பிளக் லூசாக இருக்கிறது, அதில் சார்ஜர் போடாதீர், பொறி பறக்கும் என்று மாஸ்க்கை விலக்கி விலக்கிச் சொன்னாராம். நர்ஸ் பிள்ளையிடமும் சொல்லி எலக்ட்ரீசியனை வரவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாராம். (அம்மா இந்த இடத்தில், "அவருதான், அவருதான்" என்றாளாம்.) குப்புறப் படுக்கச் சொன்னால் முனகிக்கொண்டே படுப்பாராம். மூன்றாம் நாள் பேச்சு குறைந்துவிட்டது. கடைசி நாள் விடியக்காலையில் விழித்து, மணி என்ன என்று கேட்டார். அஞ்சு என்றேன். வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் விட்டிருச்சான்னு கேக்கணும் என்றார். விடிஞ்சதும் என் போன்ல போட்டுத் தாரேன் என்றேன். சரி என்றார்.

"தண்ணி கேட்டாரா?" என்றாள் அம்மா.

"கேட்டாரு தாயி. நான்தான் மூடியில ஊத்தி ரெண்டு தடவ குடுத்தேன். முழுங்குனாரு."

"கண்ணு?"

"மூடித்தான் இருந்துச்சு. தூங்குற மாதிரிதான் போனாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்திருக்கிறாள். தெருவுக்கே கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டுச் சித்தி வந்தாள். அரைமணி நேரத்தில் எட்டுப் பேர். நான்கு மாதம் தாமதமாக எங்கள் வீட்டுத் துட்டி அன்றுதான் நடந்தது. அழுகை ஓய்ந்ததும் அம்மா அந்தப் பெரியவரிடம் வந்து, "இன்னொருக்கச் சொல்லுங்கய்யா" என்றாளாம். அவர் முதலிலிருந்து சொன்னார். பிறகு எழுந்து, சொல்லிக்கொள்ளாமல், நடந்து போய்விட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அம்மா அடுத்த வருஷம் வரை மாத்திரை சாப்பிட்டாள். ஆனால் கதவைத் திறந்து வைப்பது அன்றோடு நின்றது. வருகிறவர்களிடம் சொல்ல அவளிடம் இப்போது ஒரு கதை இருந்தது. தண்ணீர் கொடுத்த கதை. அதை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுடையதாக ஆனது. நானும் அதை என் மருத்துவரிடம் சொல்லும்போதுதான் அழுதேன்.

இந்த மாதிரி ஒரு பெரியவர் எல்லா வீட்டுக்கும் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். உலக நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் நீடித்த துக்கம் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் இறந்தவரை நினைத்து ஏங்கும் ஏக்கம் தணியாமல் அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடந்தால் அதற்குச் சிகிச்சை தேவை என்று பொருள். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ் என்று பெயர், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் பேசலாம். ஆனால் அதற்கு முன்னால், முடிந்தால், அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி.

அதை அம்மாதான் எனக்குக் காட்டினாள். அக்டோபரில், அப்பாவின் பழைய பில் புக் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு லிஸ்ட் எழுதினாள். கொரோனா காலத்தில் போன ஆட்கள், இவள் துட்டி கேட்கப் போகாத வீடுகள். பதினான்கு வீடு. எல்லாமே கொரோனாவில் போனவர்கள் இல்லை. மாரடைப்பு, முதுமை, ஒரு தற்கொலை. அந்த மாதங்களில் எப்படிப் போயிருந்தாலும் கூட்டம் கூடாமல்தான் போனார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு என்று பஸ் ஏறினாள். 2022 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு வந்தபோது நிறுத்தி வைத்தாள், பிப்ரவரியில் மறுபடி கிளம்பினாள். போய்வந்த வீட்டின் பெயருக்கு எதிரே, அப்பா காசு வாங்கியதும் போடுகிற மாதிரி, ஒரு டிக் போடுவாள்.

மூன்று வீடுகளுக்கு நான் கூடப் போனேன். கடைசியாகப் போனது எட்டயபுரத்தில். 2020 ஆகஸ்டில் கணவனை இழந்த பெண், முப்பது வயதுதான் இருக்கும், தூரத்துச் சொந்தம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் மாமியார் கொஞ்சம் திகைத்தார். இப்போது எதற்கு வந்திருக்கிறார்கள் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. போய்த் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் எதிரே சுவரோரம் உட்கார்ந்து சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழந்தை செல்போனில் கார்ட்டூன் பார்க்கும் சத்தம். காப்பி வந்தது. அம்மா குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள். கால்மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் மணியைப் பார்த்தேன். மூன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது.

அம்மா கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள்.

"என்ன செஞ்சுது தாயி அவனுக்கு? மொதல்லருந்து சொல்லு."

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அன்னைக்கு வெள்ளிக்கிழமத்தே" என்று ஆரம்பித்தாள். "சாயங்காலம் வந்தவரு, தோசை வேண்டாம், ரசம் இருந்தா ஊத்துன்னாரு..."

பஸ் போயிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.